பேப்பர் போடும் முன்னும் போட்ட பின்னும்: வேலை மாறுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் தனியார் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டதால், வேலையை விட நினைப்பவர்கள், விட்டவர்கள், விடச் சொல்லப்பட்டவர்கள் என மூன்று தரப்பினரும் என் மேசைக்கு எதிரே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரை அதிகம் வருத்தியது, பழைய வேலைக்கும் புதிய வேலைக்கும் நடுவில் வரும் நான்கைந்து மாதங்கள்தான். பணம் முடங்குவதும், காப்பீடு அறுபடுவதும், தூக்கம் கெடுவதும், வீட்டில் பேச்சு முற்றுவதும் அந்த மாதங்களில் நடக்கின்றன. ஆகவே கீழுள்ள பதில்களில் அந்த இடைக்காலமே மிகுதியாக வருகிறது. தகவல் தொழில்நுட்பம், வங்கி, சேவைத் துறைகளில் மாதச் சம்பளம் பெறுவோரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

வேலையை விட்டுவிடலாம் என்று தினமும் தோன்றுகிறது. இது வெறும் சலிப்பா, விட்டே தீர வேண்டிய நிலையா?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல், தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில், வேலையால் வரும் முழுச் சோர்வை ஒரு நோயாக அல்லாமல் பணிச்சூழல் சார்ந்த நிலையாகச் சேர்த்தது. அதற்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: உடலும் மனமும் வற்றிப்போனது போன்ற களைப்பு, செய்யும் வேலையின் மீது விலகலும் எரிச்சலும், முன்பு எளிதாகச் செய்ததையே இப்போது செய்ய முடியவில்லை என்ற உணர்வு. ஒரு வாரம் விடுப்பில் சொந்த ஊருக்குப் போய் வந்த பிறகும் இந்த மூன்றும் அப்படியே இருந்தால் அதைச் சலிப்பு என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் எதை விட வேண்டும் என்பதைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. எனக்குத் தெரிந்த மென்பொருள் சோதனையாளர் ஒருவர் பதவி விலகல் கடிதத்தை எழுதி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். மூன்று வாரம், தினமும் இரவில் அன்று எந்த மணியில் மனம் கசந்தது என்று மட்டும் ஒரு வரி குறித்துவரச் சொன்னேன். குறிப்பேட்டில் மேலாளரைப் பற்றி இரண்டு வரிகள்தான் இருந்தன. மற்றதெல்லாம் தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குச் செல்லும் காலை ஆறரை மணி கம்பெனி பஸ்ஸும், இரவு ஒன்பதரை மணிக்கு வரும் வெளிநாட்டுக் கூட்ட அழைப்பும். அழைப்பை வாரத்துக்கு இரண்டாகக் குறைக்கச் செய்து, நாவலூர்ப் பக்கம் வீடு மாறினார். அதே நிறுவனத்தில் மேலும் மூன்று ஆண்டுகள் இருந்தார். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். வேலையின் உள்ளடக்கமே கசந்தால் வீடு மாறி என்ன பயன்?

அடுத்த வேலை கையில் இல்லாமல் விடலாமா?

முடிந்தவரை வேண்டாம். விடத்தான் வேண்டும் என்றால், ஆறு மாதச் செலவு வங்கியில் இருக்க வேண்டும். செலவு என்பது வாடகை, கடன் தவணை, பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருந்து, காப்பீட்டுத் தவணை ஆகியவற்றைக் கூட்டி வருவது. சினிமாவையும் ஸ்விக்கியையும் கழித்துவிட்டு மனக்கணக்கில் போடும் தொகை யாருக்கும் ஆறு மாதம் வந்ததில்லை.

இதற்கு விதிவிலக்கு உண்டு. மருத்துவர் ஓய்வு தேவை என்று சொல்லும் அளவுக்கு உடல்நலம் குலைந்திருந்தாலோ, பணியிடத்தில் தொல்லை நடந்தாலோ, சேமிப்பைக் கணக்கிட்டுக்கொண்டு காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை. பாலியல் தொல்லை என்றால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம் எழுத்தில் புகார் தரலாம். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதங்கள் நீட்டித்துத் தரலாம். வேலையை விட்டுவிட்டால் புகார் கொடுக்கும் உரிமை போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது.

புதிய நிறுவனம் ஆண்டுக்கு 12 லட்சம் தருகிறது. மாதம் ஒரு லட்சம்தானே?

இந்தக் கணக்கை வீட்டில் சொல்லிவிட்டுப் பிறகு விழிப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். சி.டி.சி. என்பது நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. கைக்கு வருவது அதில் ஒரு பகுதி. அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதிப் பங்கு 12 சதவீதம் என்றால் 72,000 ரூபாய். பணிக்கொடைக்காக (கிராஜுவிட்டி) ஒதுக்குவது 4.81 சதவீதம், 28,860 ரூபாய். குழுக் காப்பீட்டுக்கு 15,000 ரூபாய். ஆண்டு முடிவில் செயல்திறனைப் பார்த்துத் தரும் மாறு ஊதியம் 1,20,000 ரூபாய். இவ்வளவையும் கழித்தால் 9,64,140 ரூபாய் மிஞ்சும். அதைப் பன்னிரண்டால் வகுத்து, உங்கள் பங்கான பி.எஃப். 6,000 ரூபாயையும் எடுத்துவிட்டால் மாதம் ஏறத்தாழ 74,300 ரூபாய். தொழில் வரி தனி.

ஆகவே ஆஃபர் கடிதத்தின் முதல் பக்கத்தை விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்திலுள்ள இணைப்பைப் படியுங்கள். மாறு ஊதியம் போன ஆண்டு எத்தனை சதவீதம் வழங்கப்பட்டது என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்; எதிரே அமர்ந்து பதில் சொன்னவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நாங்கள் மதிப்போம்.

90 நாள் நோட்டீஸ் பீரியட். புதிய நிறுவனம் 30 நாளில் வரச் சொல்கிறது. என்ன செய்வது?

முதலில் பணி நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். மீதி நாட்களுக்கான பணத்தைக் கட்டிவிட்டு விலகலாம் என்று இருக்கிறதா, அதை ஏற்பதும் மறுப்பதும் நிறுவனத்தின் விருப்பம் என்று இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருவரை விருப்பமில்லாமல் வேலை செய்யும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தணிப்புச் சட்டம் இவ்வகைத் தனிப்பட்ட சேவை ஒப்பந்தங்களை அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. ஆனால் இழப்பீடு கேட்கலாம். அதைவிட, ரிலீவிங் லெட்டர் எனும் பணி விடுவிப்புக் கடிதத்தைத் தராமல் இழுத்தடிக்கலாம், அடுத்த நிறுவனத்தின் பின்புலச் சரிபார்ப்பில் அது முள்ளாக நிற்கும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதை மட்டும் செய்யாதீர்கள்.

பயிற்சிக்காகக் கையெழுத்து வாங்கும் பாண்டைப் பற்றியும் கேட்கிறார்கள். “பாண்ட் எல்லாம் கோர்ட்டில் செல்லாது” என்ற பேச்சு பாதிதான் உண்மை. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற தடை 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. குறைந்தபட்சக் காலம் வேலை செய்ய வேண்டும், இல்லையேல் ஒரு தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனை வேறு. பொதுத்துறை வங்கி ஒன்றின் வழக்கில், மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அசல் சான்றிதழ்களை மட்டும் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். நகல் போதும்.

விலகல் கடிதம் கொடுத்ததும், புதிய நிறுவனம் தரும் அதே சம்பளத்தைத் தருகிறோம், இருங்கள் என்கிறார்கள்.

நீங்கள் விலக நினைத்தது சம்பளத்துக்காக மட்டும்தான் என்றால் இருங்கள். வேறு காரணம் என்றால் அந்தக் காரணம் தீபாவளிக்குள் திரும்பி வந்துவிடும்.

பழைய பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாமா, மாற்றிக்கொள்ளலாமா?

மாற்றிக்கொள்ளுங்கள். தொடர்ச்சியான பணி ஐந்து ஆண்டுகள் நிறைவதற்குள் எடுத்தால் அந்தப் பணத்துக்கு வருமான வரி உண்டு. மாற்றினால் பழைய நிறுவனத்தின் காலமும் அந்த ஐந்தில் சேரும். நிறுவனத்தின் 12 சதவீதப் பங்கில் 8.33 சதவீதம், 15,000 ரூபாய் சம்பள வரம்புக்கு உட்பட்டு, ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மாதம் அதிகபட்சம் 1,250 ரூபாய். தொகை சிறிதுதான். ஆனாலும் பத்து ஆண்டுப் பணி நிறைந்தால்தான் ஓய்வூதியம் என்பதால், இடையிடையே எடுத்துவிடுபவர்கள் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையைச் சுழியத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

நம்மூரில் இந்த மாற்றம் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் தலைப்பெழுத்தில். பள்ளிச் சான்றிதழில் மு. செந்தில், ஆதாரில் செந்தில் முருகேசன், பான் அட்டையில் முருகேசன் செந்தில், பி.எஃப். கணக்கில் செந்தில் எம். என்று ஒரே ஆள் நான்கு பேராக இருப்பார். வடக்கிலிருந்து வந்த படிவங்கள் எல்லாம் குடும்பப் பெயர் கேட்கின்றன. நமக்கு அது கிடையாது என்பதை எந்த மென்பொருளும் ஒப்புக்கொள்வதில்லை. இந்தத் திருத்தத்தைப் பழைய நிறுவனத்தில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். விலகிய பிறகு அந்த அலுவலகத்தில் உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் எழுத யாருக்கும் அவசரம் இருக்காது. அடுத்து, உங்கள் விலகல் தேதியை நிறுவனம் பதிவேற்றியிருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால், கடைசிச் சந்தா கட்டிய இரண்டு மாதத்துக்குப் பிறகு நீங்களே பி.எஃப். இணையதளத்தில் பதியலாம்.

நாலேமுக்கால் ஆண்டு ஆகிறது. பணிக்கொடைக்காகக் காத்திருக்க வேண்டுமா?

நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டுத் தொடர் பணி தேவை. கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்கினால் தொகை வரும். அடிப்படை 50,000 ரூபாய் என்றால் ஐந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 1,44,000 ரூபாய். ஓர் ஆண்டில் 240 நாட்கள் வேலை செய்திருந்தால் அது முழு ஆண்டாகக் கொள்ளப்படும் என்ற சட்டப்பிரிவைக் கொண்டு, நான்கு ஆண்டும் 240 நாளும் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்தது. நிறுவனங்கள் பல இதைத் தாமாகத் தருவதில்லை. கேட்டு வாங்க வேண்டும், சில சமயம் போராடி வாங்க வேண்டும். போராட மனமில்லை என்றால், மூன்று மாதம் பொறுத்து ஐந்தை முடிப்பது மலிவு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஓர் ஆண்டுப் பணியே போதும்.

ஆண்டின் நடுவில் மாறினால் வரியில் சிக்கல் வருமா?

வரும், அதுவும் பல மாதம் கழித்து வரும். ஆண்டுக்கு 15 லட்சம் சம்பளம் உள்ள ஒருவர் 2025 அக்டோபரில் அதே சம்பளத்துக்கு மாறினார் என்று கொள்வோம். புதிய வரி முறையில், 75,000 ரூபாய் நிலைக் கழிவு போக, அவருடைய ஆண்டு வரி மேல்வரியோடு 97,500 ரூபாய். பழைய நிறுவனம் ஆறு மாதத்தில் அதில் பாதியைப் பிடித்திருக்கும். புதிய நிறுவனத்திடம் முந்தைய சம்பளத்தைச் சொல்லாவிட்டால், அது தன் ஆறு மாத ஏழரை லட்சத்தை மட்டும் பார்த்து, 12 லட்சத்துக்குக் கீழ் வரி இல்லை என்று ஒரு ரூபாயும் பிடிக்காது. கையில் கூடுதலாக வருகிறதே என்று ஆறு மாதம் மகிழலாம். ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது 48,750 ரூபாயும் அதன் மேல் வட்டியும் ஒரே தவணையில் கேட்கும். சேர்ந்த முதல் வாரத்திலேயே முந்தைய சம்பள விவரத்தைப் படிவத்தில் நிரப்பிக் கொடுத்தால் இது தீர்ந்தது.

இரண்டு வேலைக்கும் நடுவில் இருபது நாள் இடைவெளி. காப்பீடு இருக்குமா?

இருக்காது. கடைசி வேலை நாளின் நள்ளிரவோடு குழுக் காப்பீடு முடிந்துவிடும். புதியது சேரும் நாளில்தான் தொடங்கும். ஒரு பொறியாளர் வெள்ளிக்கிழமை அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வியாழக்கிழமை அவருடைய தந்தைக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மருத்துவமனைக் கவுண்டரில் பழைய காப்பீட்டு அட்டையை நீட்டியபோது, கணினியைப் பார்த்த பெண் “சார், இது ஆக்டிவ்ல இல்லையே” என்றார். இன்னும் பன்னிரண்டு நாளில் சேரவிருந்த புதிய நிறுவனத்தின் காப்பீட்டில் பெற்றோருக்கும் இடமிருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளுக்காக அவர் தங்கக்கடன் வாங்கினார்.

இதனால்தான், நிறுவனம் என்ன தந்தாலும் சொந்தமாக ஒரு குடும்பக் காப்பீடு வைத்திருங்கள் என்று சொல்கிறேன். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுத் தவணை மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கிவிட்டது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ள பெற்றோருக்கு அந்தக் கடிகாரத்தை எவ்வளவு முன்னதாக ஓட விடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் திட்டத்துக்கு மாறவும் வழியுண்டு. கடைசி வேலை நாளுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். இரண்டும் முடியாதென்றால் இடைவெளியையே வைக்காதீர்கள். ஓய்வை நோட்டீஸ் காலத்திலுள்ள விடுப்பில் எடுத்துக்கொள்ளலாம்.

கர்ப்பமாக இருக்கிறேன். இப்போது மாறலாமா?

முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் விடுப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த நிறுவனத்தில் 80 நாட்களாவது வேலை செய்திருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே நாட்களை எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் மாதத்துக்குள் சேர்ந்தால் சட்டப்படி சிக்கல் இருக்காது. புதிய நிறுவனத்திடம் எப்போது சொல்வது என்றால், ஆஃபர் கையில் வந்த பிறகு, சேரும் தேதிக்கு முன்பு என்பது என் கருத்து. அதைக் கேட்டு ஆஃபரைத் திரும்பப் பெறும் இடமாக இருந்தால், அங்கே பிரசவ விடுப்பில் போய்த் திரும்பி வருவதும் நிம்மதியாக இருந்திருக்காது.

ராஜினாமா எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் நீக்கிவிடுவோம் என்று கூப்பிட்டுச் சொல்கிறார்கள்.

அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். வெளியே வந்ததும் கூட்டத்தில் சொல்லப்பட்டதை, தேதியும் நேரமும் குறித்து, உங்கள் வார்த்தையில் மின்னஞ்சலாக அவர்களுக்கே எழுதி அனுப்புங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. ராஜினாமா என்று எழுதிவிட்டால், இந்தப் பிரிவைக் காட்டிப் பேசும் இடத்தை நீங்களே காலி செய்கிறீர்கள். சில சமயம் இரண்டு மூன்று மாதச் சம்பளம் பேசி வாங்கிக்கொண்டு விலகுவது புத்திசாலித்தனமாக இருக்கலாம். அதையும் எழுத்தில் வாங்குங்கள். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பில், விலகிய அல்லது நீக்கப்பட்டவரின் ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்று இருக்கிறது.

இந்த அறைக்குள் மறுபக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு நான் வாசித்த வாக்கியங்கள் எனக்குக் கொடுக்கப்பட்டவை. எதிரே இருந்தவர் அதைத் தன் தகுதியைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டதைப் பார்த்தேன். பெரும்பாலும் அது ஓர் எக்செல் தாளில் யாரோ இழுத்த கோடு.

வீட்டில் எப்போது சொல்வது?

மனைவியிடமோ கணவரிடமோ யோசனை வந்த அன்றே. பெற்றோரிடம் ஆஃபர் வந்த பிறகு. “நல்ல வேலையை ஏன்டா விடுற” என்ற கேள்விக்கு ஆஃபர் இல்லாமல் பதில் சொல்வது சிரமம். வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் மாறுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். வங்கிகள் சில மாதச் சம்பளச் சீட்டும் பணியில் தொடர்ச்சியும் பார்க்கும். ஆடியில் சேர வேண்டாம் என்று அம்மா சொன்னால் ஆவணி முதல் வாரம் என்று கேட்டுப் பாருங்கள். இங்குள்ள மனிதவளப் பிரிவுகளுக்கு இது புதிதல்ல. காரணம் கேட்காமலே தேதியை மாற்றித் தருவோம்.

சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. தூக்கம் வரவில்லை, யாரிடமும் பேசவும் பிடிக்கவில்லை.

புதிய இடத்தில் முதல் மூன்று மாதம் எல்லோரும் தேவைக்கு மேல் உழைக்கிறார்கள். தன்னை நிரூபிக்க வேண்டும் என்ற அச்சமும், மதிய உணவுக்குக் கூப்பிட ஒருவரும் இல்லாத தனிமையும் சேர்ந்துகொள்ளும். ஆனால் அதற்கும் ஒரு வரம்பு வையுங்கள். வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்கிட்டன. பயணத்தையும் இரவு அழைப்புகளையும் சேர்த்தால் நம்மில் பலர் அந்த எண்ணைச் சத்தமில்லாமல் கடந்துவிடுகிறோம்.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசலாம், கட்டணமில்லை. வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் காத்திருக்காமல் உடனே அழையுங்கள்; சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவரும் ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. மனநலச் சிகிச்சைக்கும் உடல் நோய்க்குத் தருவது போலவே காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. நிறுவனம் ஏற்பாடு செய்த ஆலோசகரிடம் போனால் மேலாளருக்குத் தெரிந்துவிடுமோ என்ற தயக்கம் இருந்தால், வெளியிலுள்ள மருத்துவரிடம் போங்கள்.

புதிய வேலையும் சரியில்லை. மூன்றே மாதத்தில் விட்டுவிட்டு, ரெஸ்யூமேயில் காட்டாமல் இருக்கலாமா?

விடலாம், தகுதிகாண் காலத்தில் நோட்டீஸும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். பழைய நிறுவனத்தில் நல்ல முறையில் விலகியிருந்தால் அங்கேயே திரும்பக் கேட்பதிலும் குறைவில்லை. திரும்பி வந்தவர்களை நான் பலமுறை வேலைக்கு எடுத்திருக்கிறேன். மறைப்பதுதான் கூடாது. அந்த மூன்று மாதத்துக்கும் பி.எஃப். கட்டியிருப்பார்கள், உங்கள் யு.ஏ.என். (எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான பி.எஃப். எண்) கணக்கின் பணி வரலாற்றில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் நிற்கும். அடுத்த நிறுவனத்தின் சரிபார்ப்பில் முதலில் திறக்கும் பக்கங்களில் அதுவும் ஒன்று. நேர்காணலில் கேட்டால், “வேலை விவரத்தில் சொன்னதும் அங்கே செய்யச் சொன்னதும் வேறாக இருந்தன” என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள்.